டேபிளுக்குப் பெயர் யார் வைப்பது? ஓஆர்எம் லைப்ரரிகளின் வழிகள், ஓர் ஒப்பீடு

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து மென்பொருள் எழுதும் குழுக்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. மீன் ஏலக் கணக்குக்கோ, ரப்பர் ஷீட் கொள்முதலுக்கோ ஒன்றைப் புதிதாகத் தொடங்குகிறார்கள். கோடில் கிளாஸை எழுதினால், அதன் விவரங்களைச் சேமிக்கும் டேட்டாபேஸ் டேபிளின் பெயரை ஓஆர்எம் லைப்ரரியே (கிளாஸையும் டேபிளையும் இணைத்துக் கொடுக்கும் நிரல் தொகுப்பு) கண்டுபிடித்துக்கொள்கிறது. அதை அப்படியே விட்டுவிடலாமா, இல்லை நாமே எழுதிவிடலாமா? ஒவ்வொரு பிரேம்வொர்க்கும் ஒவ்வொரு விதமாகப் பெயர் வைப்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிளாஸ் பெயரை எடிட்டரில் ஒரு நொடியில் மாற்றிவிடலாம். டேபிளுக்குள் ஒரு வருஷத்துக் கணக்கு ஏறிவிட்டால் அதன் பெயரை அப்படி மாற்ற முடியாது. ஆகவே கிளாஸ் பெயர் மாறும் நாளில் டேபிளுக்கு என்ன நடக்கும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெயர் அழகாக இருக்கிறதா என்பது அப்புறம்.

ஒரு குறிப்பு: இங்கே கிளாஸ், டேபிள் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். உங்கள் கோடில் அவை ஆங்கில எழுத்தில் இருக்கும்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், மேலே சொன்ன பெயர் மாற்றம். கிளாஸ் பெயரை மாற்றியதும் புரோகிராம் சத்தம் போட்டு நிற்கிறதா, அமைதியாக வேறு டேபிளுக்குப் போய்விடுகிறதா? நின்றால் அன்றைக்கே சரிசெய்துவிடலாம். அமைதியாகப் போனால் கணக்கு இரண்டு டேபிள்களில் பிரிந்து கிடக்கும்.

இரண்டாவது, ஊகிக்க முடிகிறதா என்பது. கிளாஸ் பெயர் தெரிந்த ஒருவர், கோடைத் திறக்காமலே எஸ்க்யூஎல் குவெரி (டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் கட்டளை) எழுத முடிய வேண்டும். மாதக் கடைசியில் ரிப்போர்ட் எடுப்பவர் பெரும்பாலும் புரோகிராம் எழுதியவராக இருப்பதில்லை.

மூன்றாவது, டேட்டாபேஸின் சொந்த விதிகள். யூசர், ஆர்டர், குரூப் போன்றவை எஸ்க்யூஎல்லில் ஒதுக்கப்பட்ட சொற்கள், அதாவது அந்த மொழியே தன் கட்டளைகளுக்கு வைத்துக்கொண்டவை. பெரிய எழுத்து, சின்ன எழுத்து விஷயத்தில் போஸ்ட்கிரஸ் ஒரு மாதிரி, மைஎஸ்க்யூஎல் இன்னொரு மாதிரி.

நான்காவது, நம்மூருக்கே உரிய ஒன்று. வள்ளம், ஒட்டுப்பால், பட்டா, சிட்டா என்று தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கிளாஸ் பெயராக வைப்பவர்கள் நிறைய. அவற்றை லைப்ரரி எப்படி நடத்துகிறது?

## ஆங்கிலப் பன்மை வழி: ரெயில்ஸ், லாராவெல், கார்ம், சீக்வலைஸ்

ரெயில்ஸின் ஆக்டிவ் ரெக்கார்டு இந்த வழியைப் பிரபலமாக்கியது. போட்ஓனர் என்ற கிளாஸை எடுத்து, சொற்களுக்கு நடுவே அடிக்கோடு போட்டு, சின்ன எழுத்தாக்கி, பன்மையாக்கி, போட்_ஓனர்ஸ் என்ற டேபிளைத் தேடும். பர்சன் என்றால் பீப்பிள், சைல்டு என்றால் சில்ட்ரன். லாராவெலின் எலோக்வென்டும், கோ மொழியின் கார்மும் இதே பாணி. சீக்வலைஸும் பன்மையாக்கும், ஆனால் பெரிய எழுத்தை விட்டுவிடும்.

இதில் பெரிய நன்மை ஒன்று உண்டு. யூசர் என்ற கிளாஸ் யூசர்ஸ் ஆகிவிடும், ஆர்டர் ஆர்டர்ஸ் ஆகிவிடும். ஒதுக்கப்பட்ட சொல்லோடு மோதுவது தானாகவே தவிர்ந்துவிடுகிறது.

பன்மை விதிகள் ஆங்கிலத்துக்காக எழுதப்பட்டவை, சிக்கல் அங்கேதான். ரெயில்ஸின் பட்டியலில் ஃபிஷ், ரைஸ், மணி, எக்விப்மென்ட் எல்லாம் பன்மை இல்லாத சொற்கள். போட் கிளாஸுக்கு போட்ஸ், ஆக்‌ஷனுக்கு ஆக்‌ஷன்ஸ், ஆனால் ஃபிஷ் கிளாஸுக்கு வெறும் ஃபிஷ். குளச்சலிலோ தேங்காய்ப்பட்டணத்திலோ ஏலக் கணக்கு எழுதப் போகும் குழு முதல் நாளே இதைச் சந்திக்கும். தவறில்லை, தெரிந்துகொண்டால் போதும்.

தமிழ்ச் சொற்களுக்கு வருவோம். வள்ளம், தோணி, ஒட்டுப்பால் ஆகியவற்றுக்குக் கடைசியில் ஓர் எஸ் மட்டும் ஒட்டும். பார்க்க ஒரு மாதிரி இருந்தாலும் வேலை நடக்கும். பட்டாவிலும் சிட்டாவிலும் கதை மாறுகிறது. டீ, ஏ என்ற இரண்டு எழுத்துகளில் முடியும் சொல்லை ரெயில்ஸ் ஏற்கெனவே பன்மை என்று நினைத்துக்கொள்கிறது, டேட்டா என்ற சொல்லைப் போல. ஆகவே பட்டா கிளாஸின் டேபிள் பட்டா என்றே இருக்கும். இதுவரை பரவாயில்லை. நிலத்துக்கும் பட்டாவுக்கும் உறவு எழுதும்போது ரெயில்ஸ் அந்தச் சொல்லை ஒருமையாக்கப் பார்க்கும், அப்போது கிடைப்பது பட்டம் என்பதுபோல் உம் சேர்ந்த வடிவம். அந்தப் பெயரில் கிளாஸ் இல்லை என்று பிழை வரும். ரப்பர் தோட்டக் கணக்கிலோ நில ஆவணங்களிலோ வேலை செய்பவர்கள் இதைக் கன்சோலில் ஒருமுறை அடித்துப் பாருங்கள். தீர்வு சுலபம்: இன்ஃப்ளெக்‌ஷன்ஸ் கோப்பில் பட்டாவையும் சிட்டாவையும் பன்மை இல்லாத சொற்களாகச் சேர்த்துவிட வேண்டும். முதல் மைக்ரேஷனுக்கு (டேபிள்களை உருவாக்கும், மாற்றும் கோப்பு) முன்னாலேயே சேர்க்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

இன்னொரு மறைவான செலவு பெயர் மோதல். ஏலத்துக்கு ஒரு ரேட் கிளாஸ், ரப்பருக்கு ஒரு ரேட் கிளாஸ், இரண்டும் தனித்தனி மாட்யூலில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மாட்யூலுக்கு முன்னொட்டு சொல்லாவிட்டால் ரெயில்ஸ் இரண்டுக்கும் ரேட்ஸ் என்ற ஒரே டேபிளைத்தான் பார்க்கும். லாராவெலும் நேம்ஸ்பேஸைக் கணக்கில் எடுக்காது. ரெயில்ஸின் ஜெனரேட்டர் வழியாக மாடலை (டேபிளோடு இணைந்த கிளாஸை) உருவாக்கினால் முன்னொட்டை அதுவே எழுதிவிடும், கையால் கோப்பை உருவாக்கினால் எழுதாது.

கிளாஸ் பெயரை மாற்றினால்? போட்டை வெசல் என்று மாற்றியதும் வெசல்ஸ் டேபிள் இல்லை என்று உடனே பிழை வரும். ரெயில்ஸிலும் லாராவெலிலும் மைக்ரேஷனில் டேபிள் பெயரை நாமே எழுதுவதால், யாருக்கும் தெரியாமல் புதிய டேபிள் முளைக்காது. எனக்கு இது மிகவும் பிடித்த குணம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பாலிமார்ஃபிக் உறவு (ஒரே உறவு பல வகைக் கிளாஸ்களைச் சுட்டுவது) வைத்திருந்தால் கிளாஸ் பெயர் ஒவ்வொரு வரிசைக்குள்ளும் எழுத்தாகப் பதிந்திருக்கும். டேபிள் பெயரைச் சரிசெய்தாலும் அந்த வரிசைகள் பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருக்கும். லாராவெலில் மார்ஃப் மேப் (கிளாஸ் பெயருக்குப் பதிலாகப் பதிய வேண்டிய சொற்களின் பட்டியல்) எழுதி வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

## கிளாஸ் பெயரையே எடுத்துக்கொள்ளும் வழி: ஹைபர்னேட், ஸ்பிரிங் பூட், டைப்ஓஆர்எம், பிரிஸ்மா

ஜாவாவின் ஜேபிஏ விதிப்படி என்டிட்டி (டேபிளோடு இணைந்த கிளாஸ்) பெயர்தான் டேபிள் பெயர். வெறும் ஹைபர்னேட் போட்ஓனரை அப்படியே போட்ஓனர் என்று வைக்கும். ஸ்பிரிங் பூட்டோடு வந்தால் அடிக்கோடு சேர்த்து, சின்ன எழுத்தில் போட்_ஓனர் ஆகும். டைப்ஓஆர்எம்மும் அடிக்கோடு போடும். பிரிஸ்மா மாடல் பெயரை எழுத்து மாறாமல் வைக்கும். எதுவும் பன்மையாக்காது. பட்டா பட்டாவாகவே இருக்கும், ஃபிஷ் ஃபிஷ்ஷாகவே. தமிழ்ச் சொற்களுக்கு இதைவிட நேர்மையான வழி இல்லை.

விலை வேறு இடத்தில் இருக்கிறது. ஆர்டர் என்று கிளாஸ் வைத்தால், மேற்கோள்குறி இல்லாத குவெரி உடைந்துவிடும். யூசர் இன்னும் மோசம்: போஸ்ட்கிரஸில் மேற்கோள்குறி இல்லாமல் யூசர் டேபிளிலிருந்து எடு என்று கேட்டால், பிழையே வராது. டேட்டாபேஸில் நீங்கள் எந்தப் பெயரில் நுழைந்தீர்களோ அந்தப் பெயரை ஒரே வரிசையாகத் தரும். ரிப்போர்ட் எழுதுபவர் டேபிளில் ஒரே ஆள்தான் இருக்கிறார் என்று நம்பிவிடலாம்.

பெரிய எழுத்தும் தொல்லைதான். போஸ்ட்கிரஸ் மேற்கோள்குறி இல்லாத பெயரைச் சின்ன எழுத்தாக்கிவிடும். பிரிஸ்மாவோ சீக்வலைஸோ பெரிய எழுத்தோடு டேபிளை உருவாக்கினால், கையால் எழுதும் ஒவ்வொரு குவெரியிலும் இரட்டை மேற்கோள்குறி போட வேண்டியிருக்கும். மைஎஸ்க்யூஎல்லில் வேறு கதை. விண்டோஸ் லேப்டாப்பில் எழுதி லினக்ஸ் சர்வரில் ஏற்றுவது இங்கே வழக்கம். விண்டோஸில் மைஎஸ்க்யூஎல் டேபிள் பெயரைச் சின்ன எழுத்தாக்கியே சேமிக்கும், எப்படி எழுதினாலும் ஏற்றுக்கொள்ளும். லினக்ஸில் எழுத்து வித்தியாசம் பார்க்கும். விண்டோஸில் எடுத்த டம்ப்பை (டேட்டாபேஸின் நகலை) லினக்ஸில் ஏற்றியதும் டேபிளே இல்லை என்று புரோகிராம் சொல்லும். மைஎஸ்க்யூஎல் 8.0 முதல், இந்த அமைப்பை சர்வரை முதன்முதலில் உருவாக்கும்போதே முடிவுசெய்துவிட வேண்டும், பிறகு மாற்ற முடியாது. சின்ன எழுத்தும் அடிக்கோடும் மட்டும் என்று பழகிவிட்டால் இந்தப் பிரச்சினை எதுவும் வராது.

பெயர் மாற்றத்தில் ஹைபர்னேட்டின் ஒரு வசதி மிக ஆபத்தானது. டேபிள்களைத் தானாகப் புதுப்பிக்கும் அப்டேட் அமைப்பைப் போட்டுவிட்டு, கிளாஸ் பெயரை மாற்றினால், பழைய டேபிளைத் தொடாமல் புதிய பெயரில் காலி டேபிளை உருவாக்கிவிடும். பிழை இல்லை, எச்சரிக்கை இல்லை. முட்டத்தில் ஒரு ஏலக் கவுண்டரில் காலையில் புதிய பதிப்பு ஏறினால் வள்ளக்காரர்களின் பாக்கி எல்லாம் பூஜ்யமாகத் தெரியும், அன்றைய ஏலம் காலி டேபிளில் பதியத் தொடங்கும். நிஜ டேட்டா இருக்கும் இடத்தில் அந்த அமைப்பை வைக்கவே கூடாது. ஃப்ளைவே அல்லது லிக்விபேஸ் வைத்து மைக்ரேஷனைக் கையால் எழுதுங்கள்.

சின்ன இரண்டு விஷயங்கள். என்டிட்டிக்குக் குவெரி எழுதும் வசதிக்காக வேறு பெயர் கொடுத்தால், டேபிள் பெயரும் அதோடு மாறிவிடும். அப்புறம், ஸ்பிரிங் பூட்டில் டேபிள் பெயரை நீங்களே பெரிய எழுத்தோடு எழுதிக் கொடுத்தாலும் அது அடிக்கோடு விதிக்கு உட்பட்டே ஆகும். எழுதியது ஒன்று, டேட்டாபேஸில் இருப்பது வேறொன்று என்று பலர் திகைப்பது இதனால்தான்.

## ஆப் பெயரை முன்னால் ஒட்டும் வழி: ஜாங்கோ

ஜாங்கோவில் ஆப் என்பது புராஜெக்டின் ஒரு பகுதி, மொபைல் ஆப் இல்லை. ஏலம் என்ற ஆப்பில் போட்ஓனர் மாடல் இருந்தால் டேபிள் ஏலம்_போட்ஓனர். ஆப் பெயருக்கும் மாடலுக்கும் நடுவே மட்டும் அடிக்கோடு வரும், மாடலுக்குள் சொற்கள் ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலச் சொல்லென்றால் பிரித்துப் படித்துவிடலாம். ஆங்கில எழுத்தில் எழுதிய மூன்று தமிழ்ச் சொற்கள் ஒட்டினால் படிப்பது சிரமம்.

மோதலை இதைவிட நன்றாகத் தடுக்கும் வழி இல்லை. ஏலத்தின் ரேட்டும் ரப்பரின் ரேட்டும் எந்த முயற்சியும் இல்லாமல் தனித்தனி டேபிளாகும். முன்னொட்டு இருப்பதால் ஒதுக்கப்பட்ட சொல்லோடும் மோதாது. இரண்டு மாடல் ஒரே டேபிள் பெயரைச் சொன்னால் ஜாங்கோ தொடக்கத்திலேயே பிழை காட்டும்.

மாடல் பெயரை மாற்றினால் மைக்ரேஷன் உருவாக்கும்போது, பெயரை மாற்றினீர்களா என்று ஜாங்கோ கேட்கும். ஆம் என்றால் டேபிளின் பெயரும் டேட்டாவோடு சேர்ந்து மாறும். இல்லை என்றால் பழைய டேபிளை அழித்துப் புதிதாக உருவாக்கும் மைக்ரேஷனை எழுதிவிடும். அந்தக் கேள்வியை அவசரத்தில் எண்டர் தட்டித் தாண்டாதீர்கள், இல்லை என்பதுதான் அதன் இயல்பான பதில். பெயரையும் ஃபீல்டுகளையும் ஒரே மைக்ரேஷனில் நிறைய மாற்றினால் அந்தக் கேள்வியே வராமல் போகலாம். முதலில் பெயர் மட்டும், பிறகு மற்றவை.

உண்மையான செலவு ஆப் பெயரை மாற்றும்போது வரும். எல்லா டேபிள் பெயரும், மைக்ரேஷன் வரலாற்றில் பதிந்த பெயரும், மாடல்களின் பெயரைக் குறித்துவைக்கும் கன்டென்ட் டைப் பதிவுகளும் ஒரே நேரத்தில் பொருந்தாமல் போகும். ஃபோல்டர் பெயரை மாற்றியே ஆகவேண்டும் என்றால், ஆப் கான்ஃபிக்கில் லேபிளைப் பழைய பெயரிலேயே வைத்துவிடுங்கள், டேபிள்கள் அசையாது. ஆகவே ஜாங்கோவில் அதிகம் யோசித்து வைக்க வேண்டிய பெயர் ஆப்பின் பெயர். வாடிக்கையாளர் கடைப் பெயரை அதற்கு வைக்காதீர்கள். கடை கைமாறும், பெயர் டேபிள்களில் தங்கிவிடும்.

## டிபிசெட் பெயர் வழி: என்டிட்டி ஃப்ரேம்வொர்க் கோர்

டாட்நெட் குழுக்களுக்குச் சுருக்கமாக. இங்கே கிளாஸ் பெயரைவிட, கான்டெக்ஸ்டில் (டேட்டாபேஸோடு பேசும் கிளாஸ்) ஒவ்வொரு டேபிளையும் குறிக்கும் டிபிசெட் பிராப்பர்ட்டிக்கு வைத்த பெயர்தான் டேபிள் பெயர். டிபிசெட் இல்லாவிட்டால் மட்டும் கிளாஸ் பெயர். பழைய என்டிட்டி ஃப்ரேம்வொர்க் 6 தானாகப் பன்மையாக்கியது, கோர் அதைச் செய்வதில்லை. பிராப்பர்ட்டி பெயரை மாற்றினாலே டேபிள் பெயர் மாறும் மைக்ரேஷன் வரும் என்பதுதான் கவனிக்க வேண்டியது. உருவான மைக்ரேஷனில் ரீநேம் (பெயர் மாற்றம்) இருக்கிறதா, டிராப் (அழிப்பு) இருக்கிறதா என்று படித்துவிட்டே ஓட்டுங்கள். போஸ்ட்கிரஸோடு சேர்த்தால் எழுத்துப் பிரச்சினை இங்கேயும் உண்டு, அதைச் சின்ன எழுத்தாக்கத் தனிப் பேக்கேஜ் இருக்கிறது.

## கையால் எழுதுவது: எஸ்க்யூஎல்அல்கெமி, மற்ற எல்லாவற்றிலும் விருப்பப்படி

எஸ்க்யூஎல்அல்கெமியின் டிக்ளரேடிவ் முறையில் டேபிள் பெயர் எழுதாவிட்டால் பிழை வரும். அது எதையும் ஊகிப்பதில்லை. மற்ற லைப்ரரிகளிலும் கிளாஸுக்குள் ஒரு வரி எழுதினால் ஊகத்தை நிறுத்திவிடலாம்.

பெயர் மாற்றச் சோதனையில் இந்த வழி எல்லாவற்றையும் வெல்கிறது. போட்டை வெசல் என்று மாற்றினாலும் டேபிள் போட்ஸாகவே இருக்கும், எதுவும் உடையாது. தமிழ்ச் சொல்லோ ஆங்கிலச் சொல்லோ, உங்கள் குழு விரும்பிய வடிவம் அப்படியே நிற்கும். கோடில் தேடினால் டேபிள் பெயர் எழுத்தாகவே கிடைக்கும் என்பதும் சின்ன நன்மை இல்லை.

செலவு என்ன? ஒழுங்கு குலையும். ஒருவர் போட் என்று ஒருமையில் எழுதுவார், அடுத்தவர் ஆக்‌ஷன்ஸ் என்று பன்மையில். ஒட்டுப்பாலில் பால் என்பதற்கு ஒருவர் ஏ இரண்டு போடுவார், மற்றவர் ஒன்று. நாளடைவில் எந்தப் பெயரையும் ஊகிக்க முடியாமல் போகும். குழுவுக்கு ஒரு பக்கச் சொல் பட்டியல் வேண்டும்: ஊர்ச்சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரே எழுத்துக்கூட்டல்.

தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. பைத்தான் 3 தமிழ் எழுத்தில் கிளாஸ் பெயரை ஏற்கும், போஸ்ட்கிரஸும் ஏற்கும். ஆனால் போஸ்ட்கிரஸில் பெயரின் உச்சவரம்பு 63 பைட். யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட் எடுப்பதால், புள்ளியையும் துணைக்குறிகளையும் தனித்தனியாக எண்ணி 21 குறியீடுகள்தான் கிடைக்கும். வள்ளம் என்பதே 6 குறியீடுகள், 18 பைட். இன்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் குறிப்பு) பெயர்கள் டேபிள் பெயரிலிருந்து பிறப்பவை, அவை வெட்டுப்படும். தனிப்பட்ட முயற்சிக்குச் செய்து பாருங்கள், அடுத்தவருக்குக் கொடுக்கும் மென்பொருளில் இப்போதைக்கு வேண்டாம்.

## சொந்த விதியை ஒரே இடத்தில் எழுதுவது

ஹைபர்னேட், டைப்ஓஆர்எம், கார்ம், டாக்ட்ரின் ஆகியவை பெயர் வைக்கும் விதியையே மாற்றிக்கொள்ள இடம் தருகின்றன. ஐம்பது நூறு டேபிள் உள்ள, ஒரே பாணியில் பழைய டேபிள்கள் இருக்கும் இடங்களில் இது நல்லது. ஆனால் அந்த விதியில் ஒரு வரி மாறினால் எல்லா டேபிளும் ஒன்றாக இடம்மாறும். லைப்ரரி பதிப்பு மாறும்போதும் அடி வாங்கும்: ஹைபர்னேட் 5 பழைய நேமிங் ஸ்ட்ராட்டஜி முறையையே எடுத்துவிட்டு இரண்டு புதிய முறைகளாகப் பிரித்தது, ஸ்பிரிங் பூட் 2.6 பெயர் வைக்கும் தன் பழைய கிளாஸை மாற்றியது. நான்கு பேருக்குக் குறைவான குழுவுக்கு நான் இதைச் சொல்வதில்லை.

## ஒரே பார்வையில்

| வழி | போட்ஓனர் கிளாஸின் டேபிள் | கிளாஸ் பெயர் மாறினால் | பட்டா, சிட்டா | மறைவான செலவு |
|---|---|---|---|---|
| ரெயில்ஸ் | போட்_ஓனர்ஸ் | உடனே பிழை | உறவில் சிக்கல் | பன்மை விதி, மாட்யூல் மோதல் |
| ஸ்பிரிங் பூட் | போட்_ஓனர் | அப்டேட் அமைப்பில் அமைதியாகக் காலி டேபிள் | சிக்கல் இல்லை | ஒதுக்கப்பட்ட சொற்கள் |
| ஜாங்கோ | ஏலம்_போட்ஓனர் | கேட்டுவிட்டு மாற்றும் | சிக்கல் இல்லை | ஆப் பெயர் மாற்றம் |
| என்டிட்டி ஃப்ரேம்வொர்க் கோர் | டிபிசெட் பெயர் | டிபிசெட் பெயரைப் பொறுத்தது | சிக்கல் இல்லை | பெரிய எழுத்து |
| கையால் | நீங்கள் எழுதியது | எதுவும் ஆகாது | சிக்கல் இல்லை | ஒழுங்கு குலைதல் |

## யாருக்கு எது

புதிய மென்பொருள், டேட்டாபேஸைத் தொடுவது உங்கள் ஒரு புரோகிராம் மட்டும், கிளாஸ் பெயர்கள் ஆங்கிலத்தில் என்றால், பிரேம்வொர்க்கின் விதியோடு போங்கள். ரெயில்ஸில் ரெயில்ஸ் மாதிரி, ஜாங்கோவில் ஜாங்கோ மாதிரி. நாளை புதிதாகச் சேர்பவர் எதையும் கேட்காமல் வேலையைத் தொடங்கலாம்.

ஊர்ச்சொற்களைக் கிளாஸ் பெயராக வைக்கப் போகிறீர்கள் என்றால் பன்மை வழியைத் தவிருங்கள். ரெயில்ஸ்தான் தெரியும் என்றால் டேபிள் பெயரைப் பன்மையாக்குவதை ஒரே அமைப்பில் நிறுத்திவிடலாம், அப்போது யூசர், ஆர்டர் மட்டும் கையால் எழுத வேண்டியிருக்கும். பட்டா, சிட்டா உறவுச் சிக்கலுக்கு இன்ஃப்ளெக்‌ஷன்ஸ் கோப்பு அப்போதும் வேண்டும்.

சங்கத்தின் கணக்கர் எக்செல்லிலிருந்து நேராக டேட்டாபேஸைப் படிக்கிறார், அல்லது மொபைல் ஆப்பை வேறொரு குழு எழுதுகிறது என்றால், கையால் எழுதுங்கள். நம் மாவட்டத்தில் நான் பார்க்கும் வேலைகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான், ஆகவே என் பொதுவான சிபாரிசும் இதுதான். பழைய பிஎச்பி மென்பொருளின் டேபிள்களை வைத்துக்கொண்டு மேலே புதிதாக எழுதுபவர்களுக்கு வேறு வழியே இல்லை. அங்கே பெயர் ஏற்கெனவே முடிவாகிவிட்டது, லைப்ரரிதான் ஒத்துப்போக வேண்டும்.

## டேட்டா ஏறியபின் பெயரை மாற்ற வேண்டுமென்றால்

முதலில், மாற்றாமல் இருக்க முடியுமா என்று பாருங்கள். கிளாஸில் பழைய டேபிள் பெயரை ஒரு வரியாக எழுதிவிட்டால் பெரும்பாலும் வேலை முடிந்தது. மாற்றியே ஆகவேண்டும் என்றால், டேபிளின் பெயரை மாற்றிய அதே மைக்ரேஷனில் பழைய பெயரில் ஒரு வியூ (டேபிள் போலவே படிக்கக்கூடிய, சேமித்து வைத்த குவெரி) உருவாக்குங்கள். பழைய ரிப்போர்ட்டுகள் தொடர்ந்து ஓடும். போஸ்ட்கிரஸ் 9.3 முதல் இப்படிப்பட்ட எளிய வியூ வழியாக எழுதவும் முடியும், ஆகவே மொபைல் ஆப் குழுவுக்கு மாற ஒரு மாதம் அவகாசம் கொடுக்கலாம். டேபிள் பெயர் மாறினாலும் அதன் இன்டெக்ஸ்களும், வரிசை எண் தரும் சீக்வென்ஸும் போஸ்ட்கிரஸில் பழைய பெயரிலேயே இருக்கும். ரெயில்ஸின் ரீநேம் டேபிள் வழக்கமான பெயர்களைச் சேர்த்தே மாற்றிவிடும். மற்றவர்கள் அவற்றுக்கும் ஒவ்வொரு வரி எழுதி, வியூவை எந்தத் தேதியில் நீக்குவது என்பதையும் அந்த மைக்ரேஷன் கோப்பிலேயே குறித்துவையுங்கள்.